தோலும் கம்பியும்: ஒரு ராக் ரசிகனின் வரலாற்றுக் குறிப்புகள்

ராக் இசையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கான்வென்ட் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, தலைமயிரை வளர்த்துக்கொண்டு போடுகிற கூச்சல், ஏகாதிபத்தியத்தின் கலாச்சாரச் சரக்கு என்றெல்லாம் நம்முடைய கூட்டங்களிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் சண்டை இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மைதானம் மைதானமாகப் போய் நின்று கேட்டவன் நான். புளியந்தோப்பில் சாவுக்குச் சட்டி மோளம் அடித்தவரின் மகனும்கூட. இந்த இரண்டு முறையிலும் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சென்னையின் இசை வரலாறு பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று சபாக்களின் வரலாறு. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது, டிசம்பர் கச்சேரிகள், வித்வான்களின் வம்சாவளி என்று அது நீளும். இன்னொன்று சினிமாவின் வரலாறு. இந்த இரண்டுக்கும் வெளியே சுடுகாட்டுக்குப் போகிற தெரு, சர்ச் குவயர், பெரம்பூர் ரயில்வே காலனியின் நடன இரவு, கல்லூரி மைதானத்தில் கட்டிய தகர மேடை என்று இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே யார் வாசித்தார்கள் என்பது ஒரு கேள்வி. யார் கேட்டார்கள், கேட்க யாரை உள்ளே விட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. கேட்டவர்களின் வரலாறு இல்லாமல் எந்த இசையின் வரலாறும் முழுமையாகாது.

1

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். ராக் இசையை உண்டாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் சர்ச்சில் பாடி வளர்ந்தவர். கழுத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, 1940களிலேயே, பின்னாளில் உலகம் ‘ராக் அண்ட் ரோல்’ என்று கொண்டாடிய அந்த வாசிப்பை வாசித்துக்காட்டினார். தென்மாநிலங்களில் அவர் கச்சேரிக்குப் போனால் வெள்ளையர் ஹோட்டலில் அறை கிடைக்காது. வந்த பஸ்ஸிலேயே படுத்துத் தூங்கினார். 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவருடைய கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ராக் இசையின் ‘புகழ் மண்டபம்’ அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான்.

பிக் மாமா தார்ன்டன் என்று இன்னொருவர். ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டு அவர் பாடுவதற்காக எழுதப்பட்டது. 1952இல் பதிவுசெய்தார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். கோடிகள் யாருக்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. தனக்கு ஐந்நூறு டாலர்தான் கிடைத்தது என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டெட்ராய்ட் நகரத்தில் ஹாக்னி சகோதரர்கள் மூன்று பேர் 1970களின் தொடக்கத்தில் ‘டெத்’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ‘பங்க்’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவுவதற்கு முன்பே அந்த வேகத்தில் வாசித்தவர்கள். குழுவின் பெயரை மாற்றிக்கொண்டால் வெளியிடுகிறோம் என்றது பெரிய கம்பெனி. மாற்ற மாட்டோம் என்றார் மூத்தவர் டேவிட் ஹாக்னி. 1975இல் பதிவான பாட்டுகள் இசைத்தட்டாக வந்தது 2009இல். டேவிட் 2000த்திலேயே செத்துப்போய்விட்டார். கறுப்புப் பிள்ளைகள் ராக் வாசிப்பார்களா என்று வெள்ளைக் கம்பெனியும் கேட்டது, சொந்தத் தெருவும் கேட்டது. இந்த இரட்டைக் கேள்வி நமக்குப் பழக்கமானது. தலித் இலக்கியம் என்று ஒன்று உண்டா என்று அவர்கள் கேட்பார்கள். இங்கிலீஷ் பாட்டு ஒனக்கு எதுக்குடா என்று நம்மாளே கேட்பான்.

ஆக, கடலைத் தாண்டி மதராசுக்கு ராக் வந்து இறங்கியபோது, அது ஏற்கெனவே ஒரு சேரியிலிருந்து திருடப்பட்டு, வெள்ளையடிக்கப்பட்டு வந்த சரக்குதான். இங்கே அதை வாங்கிக்கொண்டவர்கள் யார்? இங்கிலீஷ் பேசுகிறவர்கள். கிட்டார் வாங்க வசதி இருந்தவர்கள். கானாவைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களே, ஒடுக்கப்பட்ட கறுப்பினத்தின் தெருப்பாட்டைக் கண்மூடித் தலையாட்டி ரசித்தார்கள். கறுப்பனின் துக்கம் இசை, பறையனின் துக்கம் இரைச்சல் என்பதுதான் மேட்டுக்குடியின் அழகியல்.

2

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சட்டி தொங்கும். நைனாவுக்குப் பகலில் லாரி ஷெட்டில் வேலை. சாவு விழுந்தால் மோளத்துக்குப் போவார். ஓட்டேரி சுடுகாட்டு வரைக்கும் அடித்துக்கொண்டே நடந்துவிட்டு, கொஞ்சம் காசும், உள்ளே கொஞ்சம் சரக்கும், காது நிறைய வசவுமாகத் திரும்புவார். தெருவில் கூப்பிடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். “யோவ் மோளம்” என்பார்கள். அந்தச் சட்டியை நானோ தம்பியோ தொட்டால் போதும். “தோலத் தொட்டா கைய ஒடிச்சிருவேன். என்னோட போவட்டும் இந்த எழவு. படிக்கிற வழியப் பாருங்கடா.”

நைனா சொன்னதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருந்தது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள், இழிவுக்காகப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராகப் போராடியவர். அடிக்க மறுத்ததால் நம் மக்கள் உதைபட்டிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள். தோலைக் கீழே போடுவது என்பது அன்றைக்கு விடுதலையின் முதல் காரியம். நைனாவுக்கு இளையபெருமாள் யார் என்று தெரியாது. ஆனால் அதே காரியத்தைத்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் செய்தார்.

அப்படி வளர்ந்த எனக்கு, ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அண்ணன் ஒருநாள் ஒரு கேசட் கொடுத்தார். பர்மா பஜாரில் வாங்கிய காப்பி. அட்டையில் பெயர்கூட இல்லை. பாட்டின் அர்த்தம் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் டிரம்ஸ் புரிந்தது. சொல்லப்போனால் டிரம்ஸ் மட்டும்தான் புரிந்தது. தோலை அடிக்கிற சத்தம் என் வீட்டுக்குத் தடை செய்யப்பட்ட சத்தம். அது வேறு வாசல் வழியாக, இங்கிலீஷ் பேசிக்கொண்டு, கௌரவமாக உள்ளே வந்துவிட்டது. நைனா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷ் பாட்டு கேட்டால் பையனுக்கு இங்கிலீஷ் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மேடையில் ஒரு ராக் குழுவை நான் நேரில் முதலில் பார்த்தது 1998இல். அப்போது நான் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ராக் கேட்பவர்களுக்கு அன்றைக்குக் கல்லூரி விழாக்கள்தான் திருவிழா. ஐஐடியின் ‘மார்டி கிரா’ 1996இலிருந்து ‘சாரங்’ ஆகியிருந்தது. மற்ற கல்லூரிகளும் அதைப் பார்த்து ராக் இரவுகள் நடத்தின. தென்சென்னையில் ஒரு கல்லூரியின் விழாவுக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். வாசலில் நின்ற பையன்கள் அடையாள அட்டை கேட்டார்கள். என் அட்டையை வாங்கி ஒருவன் படித்தான். இன்னொருவனிடம் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். “ஓரமா நில்லுங்க, பார்த்து விடறோம்.” எங்களுக்குப் பின்னால் வந்த எல்லோரும் உள்ளே போனார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு பேர், “வேணாம் மச்சான், வா, போலாம்” என்று பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேர் நின்றோம். கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனோம்.

உள்ளே போனதும் நடந்ததை எழுதுவது கஷ்டம். கேசட்டில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஒன்றல்ல. பேஸ் கிட்டாரின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்செலும்புக்கு வருகிறது. டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கிற அந்தப் பெரிய மத்தளம் அடிவயிற்றில் இறங்குகிறது. பக்கத்தில் இருந்த பையன்கள் ஆடிப்போய் நின்றார்கள். எனக்கு அது புதுசு இல்லை. பாடைக்கு முன்னால் நடந்தவனுக்கு அந்த அடி தெரியும். எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் போனால் ஜன்னலைச் சாத்துகிற வர்க்கத்தின் பிள்ளைகள் அதே அடிக்குத் தலையை உடைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அப்புறம் நானும் ஆடினேன்.

3

மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி, முண்டியடித்து ஆடுகிற ஆட்டத்துக்கு ‘மோஷ்’ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஒழுங்கு உண்டு. கீழே விழுந்தவனை உடனே நாலு கை தூக்கிவிடும். அந்தக் கைகள் யாருடையவை என்று பார்க்க நேரம் இருக்காது. வியர்வையோடு வியர்வை ஒட்டும். இந்த நாட்டில் அறிமுகமில்லாத உடம்புகள் இவ்வளவு நெருக்கமாகத் தொட்டுக்கொள்கிற இடங்கள் மிகக் குறைவு. மின்சார ரயிலில் நெரிசல் உண்டு, ஆனால் அங்கே யாரும் விரும்பித் தொடுவதில்லை. தீண்டாமை என்பது தொடுதல் பற்றிய சட்டம் என்றால், அந்த நாற்பது நிமிஷம் சட்டம் செல்லாத நேரம்.

இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பாட்டு முடியும், விளக்கு போடுவார்கள், டீக்கடையில் நிற்போம். என் தோளில் கைபோட்டு ஆடியவனே கேட்பான்: “நீ எந்த ஏரியா பாஸ்?” புளியந்தோப்பு என்றால் “ஓ” என்பான். அந்த ‘ஓ’வுக்கு அப்புறம் பேச்சு வேறு பக்கம் போகும். சென்னையில் ஏரியாவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2003இல் ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற கறுப்பின இளைஞர் ‘ஆஃப்ரோ பங்க்’ என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். ராக் கச்சேரிகளில் கூட்டம் முழுக்க வெள்ளையர்களாக இருக்க, தான் மட்டும் கறுப்பாக நின்ற அனுபவத்தை அதில் பலர் பேசுகிறார்கள். நான் அதைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீக்கடை ‘ஓ’ காதில் கேட்டது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் அதே மாதிரி மைதானத்தில் அதே மாதிரி தனியாக நின்றிருக்கிறான். அந்தப் படம் பிறகு நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பெரிய இசை விழாவாகவே வளர்ந்தது.

பெண்களின் நிலையையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் அவர்கள் எப்போதும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ‘பிகினி கில்’ குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, ஆண்கள் பின்னால் போங்கள், பெண்கள் முன்னால் வாருங்கள் என்று மேடையிலிருந்தே சொல்லி இடத்தை மாற்றினார். மைதானத்தில் யார் எங்கே நிற்பது என்பதும் அரசியல் என்று புரிந்தவர்கள் அவர்கள்.

4

‘இண்டி’ என்ற சொல் இன்றைக்கு ஒரு ஃபேஷன் சொல்லாகிவிட்டது. அதன் அர்த்தம் எளிது. பெரிய கம்பெனியிடம் போகாமல் தன் பாட்டைத் தானே பதிவுசெய்து, தானே விற்று, தன் மேடையைத் தானே கட்டிக்கொள்வது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டனில் 1987இல் முதல் கச்சேரி வாசித்த ‘ஃபுகாசி’ என்ற குழு இதற்கு நல்ல உதாரணம். இயன் மெக்கேயும் நண்பரும் 1980இல் தொடங்கிய ‘டிஸ்கார்ட்’ என்ற சொந்த நிறுவனம் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. டிக்கெட் விலையை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பிடிவாதம் பிடித்தார்கள். மது விற்கிற விடுதி என்ற காரணத்தைச் சொல்லிச் சிறுவர்களை வெளியே நிறுத்தக்கூடாது, எல்லா வயதினரும் வரலாம் என்றார்கள். மற்றவரை அடித்து நொறுக்கி ஆடுகிறவனை மேடையிலிருந்தே நிறுத்தி, அவனுடைய ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். 2003 வரை அப்படியே இருந்தார்கள். வாசலில் என்ன விலை, யாருக்கு அனுமதி என்பது பாட்டின் வரிகளைவிட முக்கியமான அரசியல் என்பதை நான் அவர்களிடமிருந்து கற்றேன்.

இன்னொரு வரலாறும் உண்டு. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் குடிபோதையில், இங்கிலாந்திலிருந்து வெளிநாட்டவரை விரட்ட வேண்டும் என்று இனவெறிப் பேச்சு பேசினார். கறுப்பர்களின் ப்ளூஸ் இசையால் பேரும் பணமும் சம்பாதித்தவர் அவர். அதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ‘இனவெறிக்கு எதிராக ராக்’ என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் தேதி டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரைக்கும் பெரும் கூட்டம் நடந்தே போனது. அங்கே வெள்ளையரின் பங்க் குழுவான ‘கிளாஷும்’ கறுப்பரின் ரெகே குழுவான ‘ஸ்டீல் பல்ஸும்’ ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்தப் பொறி அமெரிக்காவுக்கும் போனது. ‘பேட் பிரெய்ன்ஸ்’ என்ற கறுப்பினக் குழு 1979இல் வாஷிங்டனின் வேலி கிரீன் என்ற ஏழைக் கறுப்பர் குடியிருப்புக்குள் போய் வாசித்தது. இசையைத் தேடி மக்கள் போவதற்குப் பதிலாக இசை சேரிக்குப் போனது.

சென்னையில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. 2000க்குப் பிறகு ராக் குழுக்கள் வாசிக்கும் இடங்கள் நட்சத்திர ஹோட்டல் பார்களாக மாறின. ஒரு இரவுக்கு வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாரச் செலவு ஓடும். காலில் செருப்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஷூ வேண்டும். நண்பனின் ஷூவை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் அடையாறு ‘அன்வைண்ட் சென்டர்’ போன்ற சில இடங்கள் இருந்ததால் என்னைப் போன்றவர்களுக்கு மூச்சு விட முடிந்தது. அங்கே நடந்த ‘ஜூன் ராக் அவுட்’டில் புதுப்பிள்ளைகள் வந்து வாசிப்பார்கள். ஆனாலும் பாட்டு இங்கிலீஷ்தான். வாசிக்கிறவனும் கேட்கிறவனும் தமிழில் திட்டிக்கொள்வார்கள், பாட்டு வந்தால் மட்டும் அமெரிக்கனாகிவிடுவார்கள்.

5

மொழி உடைந்தது முதலில் பக்கத்து மாநிலத்தில். ‘அவியல்’ என்ற மலையாள ராக் குழுவின் இசைத்தட்டு 2008இல் வந்தது. ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்டபோது, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நம் பக்கத்துப் பேச்சு ஒட்டுமா என்ற சந்தேகம் எனக்குத் தீர்ந்தது. இங்கேயும் டென்மாவும் கபேர் வாசுகியும் ‘குரங்கன்’ என்ற பெயரில் தமிழில் வாசித்தார்கள். சின்ன அறைகள், ஐம்பது அறுபது பேர். அங்கே கேட்ட தமிழ் சினிமாத் தமிழாக இல்லை.

இதே நேரத்தில் வடசென்னையில் என்ன இசை இருந்தது? கானா இருந்தது. எப்போதும் இருந்தது. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவரின் கதையைக் கட்டிப் பாடுகிற மரண கானா. டோலக்கும், அது இல்லாவிட்டால் தகரமும் பெஞ்சுப் பலகையும் போதும். கம்பெனி கிடையாது, டிக்கெட் கிடையாது. பாடுகிறவனே பாட்டு கட்டுகிறவன். ‘இண்டி’ என்று இங்கிலீஷில் எதைச் சொல்கிறார்களோ அதைப் புளியந்தோப்பும் காசிமேடும் பேரில்லாமலே செய்துகொண்டிருந்தன. 1990களில் தேவாவின் இசை வழியாகச் சினிமா அதை எடுத்துக்கொண்டது. 2006இல் கானா உலகநாதன் மீனுக்குக் கல்யாணம் கட்டிப் பாடியதை ஊரே ஆடியது. 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானா பாலா வந்தார். சினிமாவில் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் குத்துப்பாட்டுக்கும் குடிகாரப் பாட்டுக்கும் என்று ஒதுக்கப்பட்ட இடம். ஊருக்கு வெளியே ஒதுக்கிய சேரி மாதிரிதான்.

2017இல் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவை உருவாக்கினார்கள். கானா பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் வாசிக்கிறவர்கள் என்று 19 பேர். பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இந்தப் பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையை நடத்த ஆரம்பித்த பண்டிதர், நம்மைச் சாதிபேதமற்றவர்கள் என்று பதிவுசெய்யச் சொன்னவர். நூறு ஆண்டுக்கு மேல் புத்தகத்தில் கிடந்த சொல் ஒரு ராக் குழுவின் பேனரில் ஏறியது.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வர மறுத்தார். “இன்னாத்துக்கு? இங்கிலீஷ் பாட்டு எனக்கு இன்னா புரியும்?” என்றார். தமிழ்ப் பாட்டுதான் என்று சொல்லித்தான் கிளப்பினேன். வாசலில் யாரும் அட்டை கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. லுங்கி கட்டியவர்கள் இருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் இருந்தார்கள். இருபது வருஷமாகக் கச்சேரிக்குப் போனவன், கூட்டத்தில் என் தெருக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தது அன்றைக்குத்தான்.

மேடையில் அவர்கள் கோட்டு சூட்டோடு வந்து நின்றார்கள். அந்தக் கோட்டு யாருடைய கோட்டு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள், ஜெய்பீம் என்று பாடினார்கள். அறிவு என்ற அரக்கோணத்துப் பையன் வேகமாகச் சொல்லைக் கொட்டினான். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக இசைவாணி நின்று கானா பாடினார். கானாவை ஆண்கள்தான் பாட வேண்டும் என்ற எழுதாத சட்டம் எங்கள் பக்கத்தில் உண்டு. அதுவும் அன்றைக்கு உடைந்தது. எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில், அமெரிக்க டிரம்ஸுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில், பறையும் சட்டியும் இருந்தன.

நான் நைனாவைப் பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடையைக் கவனித்தார். பிறகு என் காதில் சொன்னார்: “பனி எறங்குதுடா. தோலு நமுத்துப்போச்சி. நெருப்பு காட்டி அடிக்கச் சொல்லு, கணீர்னு வரும்.” கொஞ்ச நேரம் கழித்து, “கை நல்லாத்தான் பேசுது” என்றார். கச்சேரி முடிந்து நடக்கும்போது கேட்டார்: “அடிக்கிற பையனுக்கு எவ்ளோ குடுப்பாங்க?”

இந்தக் கட்டுரை முழுவதிலும் இசையைப் பற்றிச் சொல்லப்பட்ட உருப்படியான இரண்டு விஷயங்கள் இவைதாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோலின் தொழில்நுட்பம் ஒன்று. உழைப்பின் கூலி மற்றொன்று. வாழ்நாளெல்லாம் மோளம் அடித்தவரிடம் ஒரு கலைஞன் என்ற முறையில் அபிப்பிராயம் இருந்தது. அதை அதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

6

அதற்குப் பிறகு நிறைய நடந்தது. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களுக்கு எழுதிவைத்திருந்த மாதத்தில் கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடையேறின. அதே 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் வந்தது. 2021 மார்ச்சில் அறிவு எழுதித் தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்கப் போனது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதன் அடியில் இருக்கிறது.

ஆனால் அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவின் படம் இல்லை. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகு இணையத்தில் அறிவுக்கு ஒரு தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. யார் செய்தது, என்ன காரணம் என்று பலரும் பல விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கங்களைவிட பிக் மாமா தார்ன்டன்தான் நினைவுக்கு வந்தார். 2018இல் கோயில் நுழைவைப் பற்றி இசைவாணி பாடிய ஒரு பாட்டுக்காக ஆறு ஆண்டு கழித்து, 2024இல், அவரைக் கைதுசெய்யச் சொல்லிப் புகார் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். ஆடச் சொல்வார்கள், சாமியைப் பற்றி வாயைத் திறந்தால் பாய்வார்கள்.

பறைக்கும் இன்றைக்கு மவுசு வந்துவிட்டது. பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நெருப்பே வேண்டாத பைபர் தோல் வந்துவிட்டது. இதற்கு அடித்தளம் போட்டவர்கள் 1990களில் தலித் கலை விழாக்களை நடத்தியவர்கள், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறையை இடுப்பில் கட்டி ஆடிய பெண்கள். அடிக்க மாட்டோம் என்றவர் இளையபெருமாள். எங்கள் மேடையில் எங்களுக்காக அடிப்போம் என்றவர்கள் இவர்கள். இரண்டும் எதிரெதிர் நிலைகள் என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போது அடிப்பது, எங்கே அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை அடிக்கிறவனே முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் இரண்டிலும் உள்ள கோரிக்கை. மறுக்க முடிந்தவன் வாசித்தால்தான் அது கலை. மறுக்க முடியாதவன் வாசித்தால் அது ஊழியம்.

டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். சபா மேடையின் மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலைப் பதப்படுத்திக் கட்டித்தருகிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியது. வித்வானின் பெயர் எல்லோருக்கும் தெரியும், கட்டியவரின் பெயர் தெரியாது. இதே நிலை நாளைக்கு ராக் மேடையிலும் வராமல் இருக்க என்ன உத்தரவாதம்? கிட்டார் வாசிப்பவரின் பெயர் போஸ்டரில் இருக்க, பறையடிப்பவர் ‘மற்றும் குழுவினர்’ ஆகிவிடுவது நடக்கக்கூடியதுதான். இன்றைக்கும் ஓட்டேரிக்குப் போகிற பாடைக்கு முன்னால் நடக்கிற பையனை “யோவ் மோளம்” என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையனே சனிக்கிழமை மேடையேறினால் கைதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். மேடை மரியாதை தெருவுக்கு இறங்காத வரைக்கும் நம் வேலை முடியவில்லை.

எனவே மாணவத் தோழர்களிடம் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. உங்கள் தெருவில் மோளம் அடித்த, கானா கட்டிய பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். பாட்டை மட்டும் பதிவுசெய்துவிட்டு வராதீர்கள். தோலை எங்கே வாங்கினார்கள், எப்படிக் காய்ச்சினார்கள், ஒரு சாவுக்கு என்ன கொடுத்தார்கள், எந்த வீட்டில் தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் வாசலில் யாரை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள், நிறுத்தினால் சத்தம் போடுங்கள். நீங்களே கச்சேரி நடத்தினால் தோல் வாசிப்பவருக்கும் கம்பி வாசிப்பவருக்கும் ஒரே சம்பளம் கொடுங்கள், போஸ்டரில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

ரொசெட்டா தார்ப்பின் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நம்மில் பலரைப் புதைத்த இடத்தில் கல் வைக்க இடமே கிடையாது. பெயரை எழுதிவைக்கக் காகிதம் இருக்கிறது. அதையாவது செய்வோம்.